வந்தவருக்காக மாறும் வீடு

துறவிகளுக்கான ஒழுங்குநூலில் சமையலறைக் கணக்கு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்தே கசினோ மலைமேல் மடம் அமைத்த பெனடிக்ட் எழுதிய நூலில் அது இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் புனித ஆசீர்வாதப்பர் என்று வணங்குவது இவரைத்தான். 73 சிறு அதிகாரங்கள் கொண்ட அந்த நூலின் 53-ஆம் அதிகாரம் விருந்தினரைப் பற்றியது. விருந்தினர் நேரம் பார்த்து வருவதில்லை, மடத்தில் விருந்தினர் இல்லாத நாளும் இல்லை. ஆகவே அவர்களுக்கும் மடத் தலைவருக்கும் தனிச் சமையலறை வேண்டும், அதைத் திறமையாக நடத்தக்கூடிய இரண்டு சகோதரர்களை ஓராண்டுக்கு நியமிக்க வேண்டும், வேலை மிகுந்தால் அவர்களுக்கு உதவியாள் தர வேண்டும் என்கிறார் பெனடிக்ட். படுக்கைகள் போதுமான அளவு விரித்துத் தயாராக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

செபத்துக்கு ஒரு நேரம், வேலைக்கு ஒரு நேரம், வாசிப்புக்கும் உறக்கத்துக்கும் வேறு வேறு நேரம் என்று பொழுதையே பங்கிட்டு வைத்திருந்த மடம் அது. அங்கே இப்படி ஒரு விதி எழுதப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். வேளை கெட்ட வேளையில் வருகிறவரை பெனடிக்ட் தொல்லையாகக் கருதவில்லை. அவர் எப்படியும் வருவார் என்று முன்பே கணக்கில் எடுத்து, அதற்கேற்ப அடுப்பையும் ஆளையும் ஒதுக்கிவிடுகிறார். அதோடு நிற்கவும் இல்லை. விருந்தினருக்காக மடத் தலைவர் தம் நோன்பை முறிக்க வேண்டும். எல்லோரும் தவறாமல் காக்கவேண்டிய பெருநோன்பு நாள் மட்டும் விலக்கு. மற்றச் சகோதரர்கள் வழக்கம்போல் நோன்பைத் தொடர்வார்கள். வந்தவர் கையில் தலைவர் தண்ணீர் ஊற்றுவார். அவர் கால்களைத் தலைவரும் மடத்தார் அனைவரும் சேர்ந்து கழுவுவார்கள்.

இதற்கெல்லாம் வேர் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம். அந்நியராக வந்த ஒருவரை ஏற்றுக்கொண்டது தம்மையே ஏற்றுக்கொண்டது என்று தீர்ப்பு நாளில் கிறிஸ்து சொல்வதாக வரும் பகுதி அது. அதைப் பிரசங்கிப்பது எளிது. பெனடிக்ட் அதை நடைமுறைக்கு இறக்கும்போது எடுக்கும் ஒரு முடிவு என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவைக்கிறது. ஏழைகளையும் வழிப்பயணிகளையும் வரவேற்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும் என்கிறார். பணக்காரர்களுக்கு மரியாதை கிடைக்க விதி எழுதத் தேவையில்லை, அவர்கள்மேல் உள்ள அச்சமே அதை வாங்கித் தந்துவிடும் என்று காரணமும் சொல்கிறார். மனிதர்களை ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும்.

விருந்தோம்பலை நாம் பெரும்பாலும் கொடுத்ததை வைத்து அளக்கிறோம். எத்தனை பேருக்குச் சோறு, எத்தனை பேருக்கு இடம், எவ்வளவு செலவு. கிறிஸ்தவ மரபின் பழைய ஏடுகளைப் படிக்கப் படிக்க, அங்கே வேறொரு அளவுகோல் புழங்குவதைக் காண்கிறேன். வந்தவருக்காக வீட்டில் என்ன மாறியது என்று அந்த மரபு கேட்கிறது. நேரம் மாறியதா, உட்காரும் வரிசை மாறியதா, வீட்டின் சட்டமே மாறியதா? ஒன்றும் மாறவில்லை என்றால் அங்கே உதவி நடந்திருக்கலாம், வரவேற்பு நடக்கவில்லை. கூர்ந்த கவனிப்பு இல்லாமல் இந்த மாற்றம் வராது. ஆகவே கவனிப்பும் வரவேற்பும் அந்த ஏடுகளில் ஒரே செயலின் இரு பக்கங்களாகவே வருகின்றன.

பெனடிக்டின் நூலிலேயே இதற்கு இரண்டு சான்றுகள். 66-ஆம் அதிகாரம் வாயிற்காவலரைப் பற்றியது. வாசலில் ஓர் இளைஞரை நிறுத்தலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். அவரோ அறிவுள்ள முதியவரை வைக்கச் சொல்கிறார்: கேட்டதைக் கேட்டுப் பதில் சொல்லத் தெரிந்தவர், வயதின் பக்குவத்தால் அங்கும் இங்கும் அலையாதவர். அவருடைய அறை வாசலை ஒட்டியே இருக்க வேண்டும். யாராவது தட்டினால், அல்லது ஓர் ஏழை கூப்பிட்டால், இறைவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே எழ வேண்டும். கனிவோடும் அன்பின் விரைவோடும் பதில் தர வேண்டும். உதவி தேவையென்றால் ஓர் இளைய சகோதரரைத் தரலாம். ஓடியாடும் வேலை இளையவருக்கு, கேட்கும் வேலை முதியவருக்கு.

61-ஆம் அதிகாரம் இன்னும் துணிச்சலானது. தொலைவிலிருந்து ஒரு துறவி வந்து தங்குகிறார். தங்கிய சில நாட்களில் மடத்து நடைமுறையில் ஒரு குறை அவர் கண்ணில் படுகிறது. பணிவோடும் அன்போடும் அதை எடுத்துச் சொல்கிறார். அப்போது தலைவர் என்ன செய்ய வேண்டும்? சொன்னதை அறிவோடு எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்காகவே ஆண்டவர் அவரை அனுப்பியிருக்கலாம் என்கிறார் பெனடிக்ட். வந்த விருந்தாளி நம் வீட்டைக் குறை சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? ‘சாப்பிட்டுப் போகாமல் இதெல்லாம் உனக்கெதற்கு’ என்பதுதான் மனத்தில் முதலில் எழும். அந்த இடத்தில் கடவுளின் குரல் கேட்கலாம் என்று ஒரு சட்டநூல் எழுதிவைத்திருக்கிறது.

நற்செய்திகளுக்குப் போனால் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். இயேசு அவற்றில் விருந்து கொடுப்பதைவிட விருந்தினராகப் போவதே அதிகம். லூக்கா நற்செய்தியில் அவர் ஒரு சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்: லேவியின் வீடு, பரிசேயர் சீமோனின் வீடு, மார்த்தா மரியாவின் வீடு, சகேயுவின் வீடு. சமாரியப் பெண்ணிடம் பேச்சைத் தொடங்குவதே, குடிக்கத் தண்ணீர் கேட்டுத்தான். கொடுப்பவராக மட்டும் இருப்பவருக்கு ஒரு மேட்டிமை ஒட்டிக்கொள்ளும். பிறர் கையால் வாங்கிச் சாப்பிடத் தெரிந்தவருக்கு அது எளிதில் ஒட்டாது. சீடர்களை ஊர்களுக்கு அனுப்பும்போதும் பணப்பையை விட்டுவிட்டு, முன்னே வைப்பதைச் சாப்பிட்டு, ஒரே வீட்டில் தங்கச் சொல்கிறார். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியும், 1950-ல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தைத் தொடங்கிய ஜூல் மோன்ஷானென், ஹென்றி லெ சோ ஆகிய இருவரும் அந்தப் பாடத்தைத் தமிழ் மண்ணில் முயன்று பார்த்தவர்கள். லெ சோ பெனடிக்டின் சபைத் துறவியே. இந்த ஊரின் உணவையும் உடையையும் ஏற்றுக்கொண்டு, விருந்தினராக இருக்கக் கற்றுக்கொண்டார்கள். நொபிலி அதோடு சாதி வரிசையையும் ஏற்றுக்கொண்டார் என்பது அந்த வரலாற்றின் ஆறாத காயம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் வரும் காட்சியை நிதானமாகப் பார்க்க வேண்டும். தொழுகைக் கூடத் தலைவர் யாயிரின் மகள் சாகக் கிடக்கிறாள். வயது 12. இயேசு அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார், கூட்டம் நெருக்குகிறது. 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் அவதிப்பட்டு, மருத்துவர்களிடம் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்த ஒரு பெண் பின்னால் வந்து அவர் மேலாடையைத் தொடுகிறாள். தொட்டவுடன் குணமாகிவிடுகிறது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அவளும் அதைத்தான் விரும்பினாள். இயேசு நிற்கிறார். என்னைத் தொட்டது யார் என்று கேட்கிறார். இத்தனை பேர் நெருக்கும்போது இது என்ன கேள்வி என்று சீடர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து நடந்தது முழுவதையும் சொல்கிறாள். 12 ஆண்டுக் கதையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதற்குள் யாயிரின் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து, மகள் இறந்துவிட்டாள் என்கிறார்கள். செல்வாக்குள்ள ஒருவரின் அவசரத்தை நிறுத்திவைத்து, பெயரில்லாத ஒருத்தி தன் கதையைச் சொல்லி முடிக்க இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. உடல் முன்பே குணமாகிவிட்டது. ஊரார் முன்னால் அவள் சொல்ல, ஒருவர் கேட்டு, மகளே என்று அழைத்ததுதான் அவளை மீண்டும் மனிதர்களோடு சேர்த்தது.

அடுத்தடுத்த அதிகாரங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. தீர் நகரப் பகுதியில் ஒரு வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் தங்க இயேசு விரும்புகிறார். சிரிய பெனிசியப் பெண் ஒருத்தி தேடி வந்து மகளுக்காகக் கெஞ்சுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடுவதா என்ற கடுமையான பதில் வருகிறது. அவள் அந்தச் சொல்லையே எடுத்து, மேசைக்குக் கீழே விழும் துணுக்குகளைக் காட்டி எதிர்வாதம் செய்கிறாள். நீ இப்படிச் சொன்னதால் போகலாம், உன் மகள் குணமானாள் என்கிறார். அது அவளுடைய நம்பிக்கைக்கு வைத்த சோதனை என்று பலர் விளக்குவார்கள். எழுத்தை அப்படியே படித்தால், ஒரு வேற்றினப் பெண்ணின் வாதம் கேட்கப்பட்டது, பதில் மாறியது. எனக்கு இரண்டாவது வாசிப்பே நேர்மையாகப் படுகிறது.

முதல் தலைமுறைத் திருச்சபையின் மிகப் பெரிய திருப்பமும் வாசலில் வந்து நின்றவர்களால் நடந்ததுதான். பேதுரு யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்கியிருந்தபோது, உரோமை நூற்றுவர் தலைவர் கொர்னேலியு அனுப்பிய ஆட்கள் வந்து நிற்கிறார்கள். பேதுரு அவர்களை உள்ளே அழைத்து அன்றிரவு தங்க வைக்கிறார். மறுநாள் அவர்களோடு போகிறார். பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உட்காரலாமா என்ற கேள்வி அங்கிருந்து எருசலேம் வரை போய், சங்கம் கூடி விவாதித்து, விதியையே மாற்ற வைத்தது. மாற்றம் ஒரே நாளில் முடிந்ததும் இல்லை. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் எதிர்த்துக் கேட்டார். தலையாய சீடரின் இந்தத் தடுமாற்றத்தை மறைக்காமல் புனித நூலில் வைத்திருப்பது ஒரு பெரிய நேர்மை.

பந்திதான் எப்போதும் உரைகல். முதல் கிறிஸ்தவர்கள் வீடுகளில் கூடினார்கள். கொரிந்து போன்ற நகரத்தில் வசதியானவர் வீட்டுச் சாப்பாட்டு அறை என்றால், மூன்று பக்கமும் சாய்விருக்கை போட்டு ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இடம் இருக்கும். மற்றவர்கள் முற்றத்தில். அப்படிப்பட்ட வீட்டில் யார் உள்ளே, யார் வெளியே என்பதைச் சமூகமே முன்கூட்டித் தீர்மானித்து வைத்திருந்தது. வசதியுள்ளவர்கள் முன்பே வந்து சாப்பிட்டுக் குடித்துவிட, வேலை முடித்துத் தாமதமாக வந்தவர்கள் பட்டினி இருந்திருக்க வேண்டும். இது ஆண்டவரின் விருந்தே இல்லை என்று பவுல் சீறுகிறார். யாக்கோபின் திருமுகம் இன்னும் நேராக வருகிறது: பொன் மோதிரமும் பளபளக்கும் உடையும் அணிந்தவர் தொழுகைக்கூட்டத்துக்கு வந்தால் நல்ல இடத்தில் உட்கார வைக்கிறீர்கள், அழுக்குத் துணியோடு வரும் ஏழையைக் கால்மாட்டில் உட்காரச் சொல்கிறீர்கள். அந்த ஏழையை யாரும் விரட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே விட்டிருக்கிறார்கள். இடம்தான் மாறாமல் இருந்தது.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றை அறிந்த யாரும் இந்தப் பகுதியை எளிதில் கடந்துபோக முடியாது. 1833-ல் கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1870-களில் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயில் பீடத்தில் சந்திக்கும் இரண்டு தனித்தனிக் கூடங்களாக எழுந்தது; வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு மற்றொன்று. இரு தரப்பும் ஒரே குருவின் ஒரே பலியைக் காணலாம், ஒருவரை ஒருவர் காண வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பு அகற்றப்பட்டபோது அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் தோற்றார்கள். சுவர் போனாலும் பழக்கம் போகவில்லை. தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை, தேர்ப்பவனி அவர்கள் தெருவுக்கு வராமை, பீடப்பணியில் இடமின்மை என்று பல ஊர்களில் போராட்டங்கள் நம் காலம் வரை தொடர்ந்திருக்கின்றன. இவர்கள் யாரும் வெளியே இருந்து வந்த விருந்தினர் இல்லை. திருமுழுக்குப் பெற்று, அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். சொந்தக்காரரையே கால்மாட்டில் உட்கார வைத்துவிட்டு அந்நியரை வரவேற்பதைப் பற்றிப் பேசுகிற ஒரு சபையை யாக்கோபு எப்படிக் கண்டித்திருப்பார் என்று ஊகிக்க அதிகக் கற்பனை தேவையில்லை.

வரவேற்பு என்றால் எல்லையே இல்லாமல் திறந்து கிடப்பது என்றும் அந்த மரபு சொல்லவில்லை. முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த திதாக்கே என்ற கையேடு, வருகிற எவரையும் முதலில் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. பிறகு சோதிக்கச் சொல்கிறது. வழிப்பயணி என்றால் இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்று. அங்கேயே தங்க விரும்பினால் தொழில் செய்து பிழைக்கட்டும். திருத்தூதர் என்று சொல்லிக்கொண்டு வந்து மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவர் போலி. பட்டு அறிந்தவர்கள் எழுதிய விதிகள் இவை. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க எழுத்தாளர் லூசியன், கிறிஸ்தவர்களின் தாராளத்தைப் பயன்படுத்திக்கொண்டு வாழ்ந்த பெரகிரீனுஸ் என்பவரைப் பற்றி நக்கலாக எழுதியிருக்கிறார். ஏமாந்தார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஏற்றுக்கொள்வது முதலில், சோதிப்பது பிறகு என்ற வரிசையை அதற்காக அவர்கள் தலைகீழாக்கவில்லை என்பதே எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

நான்காம் நூற்றாண்டில் நிலைமை அடியோடு மாறியது. திருச்சபைக்கு அரசின் ஆதரவு வந்தது, சொத்து வந்தது. கப்பதோக்கியாவின் செசரியாவில் ஆயர் பசிலியார், 360-களின் இறுதியில் வந்த பஞ்சத்தைப் பார்த்த பின், ஊருக்கு வெளியே பெரிய இல்லம் ஒன்றை எழுப்பினார். வழிப்போக்கருக்குத் தங்குமிடம், நோயாளிகளுக்கு மருத்துவர், பணிவிடைக்கு ஆட்கள், தொழில் செய்யக் கூடங்கள் எல்லாம் அங்கே இருந்தன. அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் அதைப் புதிய நகரம் என்று வருணித்தார். ஊரார் விரட்டிய தொழுநோயாளிகளைப் பசிலியார் தாமே தழுவி முத்தமிட்டதையும் பதிவு செய்தார். உரோமையில் ஃபபியோலா என்ற செல்வப் பெண் நோயாளிகளுக்கான இல்லம் ஒன்றை நிறுவி, தன் கையால் அவர்களின் புண்களைக் கழுவினார். இன்றைய மருத்துவமனையின் முன்னோடிகளில் இவை முக்கியமானவை.

எதிர்த்தரப்புச் சாட்சியும் உண்டு. பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் யூலியன், 362-ல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள் என்று வருந்தி, ஊர்தோறும் விடுதிகள் அமைக்க ஆணையிட்டார். அந்த மாகாணத்துக்கு ஆண்டுதோறும் 30,000 மோடியுஸ் அளவு கோதுமை ஒதுக்கி, ஐந்தில் ஒரு பங்கு போக மீதியை அந்நியருக்கும் இரப்பவருக்கும் கொடுக்கச் சொன்னார்.

இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு இழப்பும் வளர்ந்தது. அதைக் கண்டு உரக்கச் சொன்னவர் ஆயர் யோவான் கிறிசோஸ்தோம். 400-ஐ ஒட்டிக் கான்ஸ்டான்டிநோபிளில் திருத்தூதர் பணிகள் பற்றி ஆற்றிய மறையுரை ஒன்றில், ‘திருச்சபைக்குத்தான் சத்திரம் இருக்கிறதே’ என்று சாக்குச் சொல்லும் மக்களை அவர் கடிந்துகொள்கிறார். திருச்சபை செபிக்கிறது என்பதற்காக நீங்கள் செபிக்காமல் இருப்பீர்களா என்பது அவர் வாதத்தின் போக்கு. உங்கள் வீட்டில் ஓர் அறையைக் கிறிஸ்துவுக்கென்று ஒதுக்குங்கள், மாடியில் இல்லாவிட்டால் கீழே, கால்நடைகள் நிற்கும் பக்கமாவது என்கிறார். அவரே நோயாளிகளுக்கான இல்லங்களை நகரில் எழுப்பியவர். நிறுவனங்களுக்கு எதிரி அல்லர். சத்திரம் வந்தபின் வீட்டு வாசல் மூடிக்கொண்டது என்பதுதான் அவர் கவலை. சத்திரத்துக்குக் காசு கொடுத்தவரின் வீட்டில் எதுவும் மாற வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரம் அதேதான், உட்காரும் வரிசை அதேதான். ஏழையின் முகம் அவருக்குத் தெரியவே போவதில்லை.

பாலைநிலத் துறவிகளின் கதைகளில் வீட்டு வாசல் திறந்தே இருந்தது. எகிப்தியத் துறவிகளிடம் கற்ற காசியன் ஒரு கதை சொல்கிறார். ஒரு முதியவர் அவரை இன்னும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறார். முடியவில்லை என்கிறார் காசியன். முதியவரோ, இன்று ஆறு முறை வந்தவர்களுக்காகப் பந்தி விரித்து ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன், எனக்கு இன்னும் பசிக்கிறது, ஒரே முறை சாப்பிட்ட நீ முடியாது என்கிறாயே என்கிறார். நோன்பு எப்போதும் என்னோடு இருக்கிறது, வந்தவரை எப்போதும் வைத்துக்கொள்ள முடியாது என்பது அங்கே வழங்கிய நியாயம். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ஸ்கேத்திஸ் பாலைக்கு ஒரு சகோதரர் புகழ்பெற்ற அர்செனியுஸைப் பார்க்க வருகிறார். அர்செனியுஸ் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்; வந்தவர் சங்கடப்பட்டு எழுந்துவிடுகிறார். பிறகு, முன்னாளில் கொள்ளைக்காரராக இருந்த கறுப்பினத் துறவி மோசேயிடம் போகிறார். மோசே மகிழ்ச்சியோடு வரவேற்று உபசரித்து அனுப்புகிறார். ஒருவர் மனிதரைவிட்டு ஓடுகிறார், ஒருவர் அணைத்துக்கொள்கிறார், யார் சரி என்று கடவுளிடம் கேட்ட ஒரு முதியவருக்கு ஒரு காட்சி தெரிகிறது. ஆற்றில் இரண்டு படகுகள். ஒன்றில் அர்செனியுஸ் தூய ஆவியோடு அமைதியில். மற்றொன்றில் மோசே, வானதூதர்களோடு தேன் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டு. இந்தக் கதையைச் சேகரித்தவர்கள் மௌனத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. மௌனத்தில் கடவுளைக் கேட்கப் பழகாதவர் மனிதரைக் கேட்பாரா என்பது அவர்களுக்குத் தீராத கேள்வி.

அதே கேள்வியை மறுபக்கமிருந்து கேட்டார் டீட்ரிக் போன்ஹோஃபர். நாஜி அரசுக்குப் பணியாத ஜெர்மானியத் திருச்சபைக்காக ஃபிங்கன்வால்டில் அவர் நடத்திய குருத்துவக் கல்லூரியைக் கெஸ்டபோ 1937-ல் மூடியது. அங்கே சேர்ந்து வாழ்ந்த அனுபவத்தை 1939-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஒருவருக்கொருவர் செய்யவேண்டிய பணிகளில் அவர் கேட்பதற்குப் பெரிய இடம் தருகிறார். சொல்ல ஏதாவது இருக்க வேண்டும் என்பதே கிறிஸ்தவர்களின், குறிப்பாகப் போதகர்களின், நினைப்பாக இருக்கிறது என்று குறைப்படுகிறார். சகோதரரைக் கேட்க முடியாதவர் விரைவில் கடவுளையும் கேட்கமாட்டார் என்று எச்சரிக்கிறார். எதிரே உள்ளவர் என்ன சொல்லப்போகிறார் என்பது தெரிந்ததுபோல், பொறுமையில்லாமல், தன் முறைக்காகக் காத்துக்கொண்டு கேட்கும் கேட்பை அவர் கேட்பாகவே கருதவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில், 1942-ல், திருச்சபையின் வாசலிலேயே நின்று உள்ளே நுழையத் தயங்கிய சிமோன் வெய்ல், துன்பப்படுகிறவருக்குத் தேவையானதெல்லாம் அவரைக் கவனிக்கக்கூடிய மனிதர்தான், அந்த ஆற்றல் மிக அரிது என்று எழுதினார்.

இதை ஓர் அறைக்குள் கண்டவர் ராபர்ட் கோல்ஸ் என்ற மருத்துவ மாணவர். 1952-ல் நியூயார்க்கில் கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் விருந்தில்லத்துக்கு, அதன் நிறுவனரான டாரதி டேயைப் பார்க்கப் போகிறார். அவர் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் நல்ல போதையில், தொடர்பில்லாமல் உளறிக்கொண்டே போகிறாள். டே அவ்வப்போது தலையசைத்து, இடையிடையே ஒரு கேள்வி கேட்டு, முழுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பேச்சு முடிவதாகத் தெரியவில்லை. கடைசியில் எழுந்து வந்து கோல்ஸிடம், எங்களில் ஒருவரோடு பேசக் காத்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். தன்னைப் பார்க்கத்தான் வந்திருப்பார் என்ற நினைப்பு அந்தக் கேள்வியில் இல்லை. வந்தவர் அந்தப் போதைக்காரப் பெண்ணையும் பார்க்க வந்திருக்கலாம். கோல்ஸ் பிற்காலத்தில் மனநல மருத்துவராகி டேயைப் பற்றி நூல் எழுதியபோதும் அந்தக் கேள்வியை மறக்கவில்லை. டேயுடன் இயக்கத்தைத் தொடங்கிய பீட்டர் மோரன், பங்குதோறும் விருந்தில்லமும், வீடுதோறும் கிறிஸ்துவுக்கென ஓர் அறையும் வேண்டும் என்று எழுதிவந்தவர். கிறிசோஸ்தோமின் பழைய கோரிக்கை 1,500 ஆண்டுகள் கழித்து நியூயார்க் தெருவில் மீண்டும் எழுந்தது.

பிரான்சின் மலைக்கிராமமான ல ஷம்போன் சுர் லிஞோனில் 1940-41 குளிர்காலத்து இரவில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஒரு யூதப் பெண் போதகர் இல்லத்தின் கதவைத் தட்டினாள். பனியில் நனைந்து வந்தவளை, போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயின் மனைவி மக்தா உள்ளே வரச் சொன்னார். காலணிகளை உலர்த்த அடுப்பருகே வைத்தார்கள், அவை கருகிவிட்டன. போர்க்காலத்தில் காலணி எளிதில் கிடைக்காது. மக்தா அலைந்து வேறு சோடி கண்டுபிடித்தார். அடையாள அட்டைக்கு உதவி கேட்டு ஊர்த் தலைவரிடம் போனார். ஊருக்கே ஆபத்து, அவளை அனுப்பிவிடு என்றார் அவர். நற்செயலைத் தேடிப் போகிறவள் தான் இல்லை, வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பவும் மாட்டேன் என்று மக்தா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கதவில் தொடங்கியது சுற்றுவட்டாரப் பண்ணைவீடுகளுக்கெல்லாம் பரவியது. யூதக் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஆயிரக்கணக்கில் மறைத்து வைத்தார்கள், போலி அட்டைகள் செய்தார்கள், சிலரைச் சுவிட்சர்லாந்து எல்லை வரை கொண்டுபோய்விட்டார்கள். ஹூகெனோ எனப்படும் பிரெஞ்சுப் புரோட்டஸ்டண்டு மரபில் வந்த அந்த மக்களின் முன்னோர் 1685-க்குப் பின் இதே நாட்டில் வேட்டையாடப்பட்டவர்கள். ஒளிந்து வாழ்வது அவர்களுக்குக் குடும்பக் கதை. மாணவர் விடுதி ஒன்றை நடத்திய, ஆந்த்ரேயின் உறவினர் டானியேல் த்ரோக்மே தன் மாணவர்களோடு கைதாகி, 1944-ல் மைதானெக் முகாமில் இறந்தார். வந்தவர்களுக்காக அந்த ஊர் தன் நாட்டுச் சட்டத்தையே மீறக் கற்றுக்கொண்டது.

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்தும் இன்னொன்றும் உண்டு. வாசலைத் திறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிலிப்பியில் பவுலை வற்புறுத்தித் தன் வீட்டில் தங்கவைத்த லீதியா, ஃபபியோலா, மக்தா, டே. வரவேற்பதைப் பற்றி விதி எழுதியவர்களோ பெரும்பாலும் ஆண்கள். நம் வீடுகளில் வந்தவரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுவது ஆண், அடுப்படியில் நிற்பது பெண் என்ற ஏற்பாடு இன்னும் போகவில்லை. மார்த்தா மரியா கதையைச் சொல்லி மார்த்தாவைக் குறைசொல்லும் மறையுரையாளர்கள், அந்த வேளைக்குச் சமைத்தது யார் என்று கேட்பதில்லை. காலடியில் உட்கார்ந்து கேட்கும் உரிமை மரியாவுக்கு உண்டு என்று இயேசு சொன்னது பெரிய செய்தி. மார்த்தாவும் உட்கார வேண்டுமானால் பேதுருவோ யோவானோ எழுந்து பாத்திரம் கழுவியிருக்க வேண்டும்.

இன்று திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் ஆலைகளிலும் கட்டடங்களிலும் வேலை செய்ய வந்திருப்பவர்களில் ஜார்க்கண்ட், ஒடிசாப் பழங்குடிக் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நம் கோயில்களின் கடைசி வரிசையில் நின்று, புரியாத மொழியில் திருப்பலி கண்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு மாதம் ஒரு முறை இந்தித் திருப்பலி ஏற்பாடு செய்தால் நல்ல உதவிதான். அதற்கு ஒரு குருவும் ஒரு மணி நேரமும் போதும், பங்கில் வேறெதுவும் மாற வேண்டியதில்லை. அவர்களில் ஒருவரைப் பங்குப் பேரவையில் உட்காரவைத்து, இந்தக் கோயிலில் உங்கள் கண்ணுக்குக் குறையாகத் தெரிவது என்ன என்று கேட்டு, அவர் சொல்வதை மொழிபெயர்க்க ஆள் வைத்து, சொன்னதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் முதலாவதாகச் சேர்ப்பது வேறு வகையானது. பேரவைக் கூட்டம் நீளும். சிலருக்குக் கோபம் வரும். திருவிழாக் கமிட்டியில் யாராவது ஒருவர் தன் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.